மாப்பிள்ளை காரை இழுத்த பிச்சம்மாள்

தென்காசி வண்டிப்பேட்டையில் மாடு கட்டப் பதினேழு முளைகள் இருந்தன. பதினாறில் எப்போதும் மாடு நிற்கும். பதினேழாவது குத்தாலிங்கத்தின் முளை. அவன் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட நாளிலிருந்து அது சும்மா கிடந்தது. அவன் பெண்டாட்டி பிச்சம்மாள் செவலை, மயிலை என்ற இரண்டு மாடுகளையும் பூட்டி, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தபோது, பேட்டைத் தலைவர் தில்லைநாயகம் வாசலிலேயே மறித்துவிட்டார்.

“பொம்பள ஓட்டுத வண்டியில எவன் ஏறுவான்? பேட்டைக்கு ஒரு மானம் மரியாதை வேண்டாமாட்டி?”

என்ன பெரிய மானமோ! மத்தியானம் முழுக்கத் துண்டை விரித்துத் தூங்குகிற பதினாறு ஆம்பளைகளின் மானம். பிச்சம்மாள் வண்டியைத் திருப்பினாள். எதிரே புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்தாள். ஆனால் சவாரிக்காரர்கள் பேட்டைக்குத்தானே போவார்கள்? மரத்தடியை யார் எட்டிப் பார்ப்பார்கள்? குற்றாலச் சீசன் தொடங்கியும் அவளுக்குச் சவாரி இல்லை, மாட்டுக்குத் தீனி இல்லை. வேறு வழியில்லாமல் மாடுகளை விற்றுவிடுவதென்று முடிவானது. திங்கட்கிழமை தரகன் வருவதாகப் பேச்சு. வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்ட குத்தாலிங்கம் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்தான். இத்தனைக்கும் ரசம் வைப்பதில் அவனை மிஞ்ச அந்தத் தெருவிலேயே ஆளில்லை.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். அந்த வெள்ளிக்கிழமை தில்லைநாயகத்தின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வாசுதேவநல்லூர். மாப்பிள்ளையின் அப்பா சுந்தரபாண்டியன் சொந்தக் கார் வைத்திருந்தவர். வாயைத் திறந்தால் கார்ப் பேச்சுதான். முந்தின நாளே வந்து குற்றாலத்தில் தங்கினார்கள். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காரிலேயே அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, பட்டும் பவுனுமாகத் தென்காசிக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் கார் கரும்புகை கக்கியது, நாலு தடவை இருமியது, அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் பெட்ரோலைப் பார்த்தான், பிளக்கைக் கழற்றித் துடைத்தான், கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். தோள் வலித்ததுதான் மிச்சம்.

சைக்கிளில் ஒருத்தன் சேதி கொண்டுவந்தான். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. மெக்கானிக் அப்துல் மஜீது ஒரு பஸ்ஸைப் பார்க்கக் கடையம் போயிருந்தார். பேட்டை வண்டிகள் பதினாறும் சொந்தபந்தங்களை ஏற்றிவரப் போய்விட்டன. தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடிவந்தார்.

“பிச்சம்மா, மானத்தக் காப்பாத்து தாயி. வேற வண்டி எதுலயும் ஏற மாட்டோம்னு சம்மந்தி சொல்லி விட்டிருக்காரு. மாப்பிள்ள கார்லதான் வந்து எறங்கணுமாம்.”

“அப்பம் காரோடயே இழுத்துட்டு வாரேன் அண்ணாச்சி. ஆனா இன்னையில இருந்து எம்மாடு பேட்டையிலதான் நிக்கும்.”

“மொதல்ல இழுத்துட்டு வா, பாப்போம்.”

“பாப்போம்ங்கிற பேச்சுக்கெல்லாம் எம்மாடு கழுத்தக் குடுக்காது.”

சைக்கிள்காரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். தில்லைநாயகம் தலையாட்டினார். “சரிட்டி, நிக்கட்டும்.”

வண்டியைப் போட்டுவிட்டு, நுகத்தடியும் வடக்கயிறுமாக மாடுகளை விரட்டிக்கொண்டு போனாள் பிச்சம்மாள். நுகத்தடியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காரின் அடியில் இரும்பில் முடிந்தாள். நிற்கும்போது நன்றாக ஓடிய இஞ்சின் வேகம் கொடுத்ததும் திணறிவிட்டது என்று டிரைவர் பக்கத்தில் நின்று புலம்பினான். “ஹை, என் ராசா!” என்றாள். கார் நகர்ந்தது. சாரல் வேறு பிடித்துக்கொண்டது. ஓடைப் பாலத்து ஏற்றத்தில் மயிலைக்குக் கால் வழுக்கியது.

“எல்லாரும் எறங்குங்க. பாரம் கொறையணும்.”

“கார் வச்சிருக்கவன் சேத்துல நடக்கணுமாக்கும்?” என்றார் சுந்தரபாண்டியன்.

மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கினான். பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நின்று தள்ளினான். மகன் தள்ளும்போது அப்பன் உள்ளே உட்கார முடியுமா? அவரும் இறங்கினார். ஏற்றம் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொண்டார்கள். கல்யாணத் தெருவுக்குள் மாடு முன்னும் கார் பின்னுமாக நுழைந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். அது மாப்பிள்ளைக்கா மாட்டுக்கா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தாலி நேரத்துக்கு ஏறியது.

பந்தி முடிந்து வெளியே வந்த சுந்தரபாண்டியன், “இஞ்சின் போயிட்டு. லாரியில ஏத்தித் திருநவேலிக்குத்தான் கொண்டுட்டுப் போணும்” என்று ஊர் கேட்கச் சொன்னார். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பிச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“டிரைவர் தம்பி, நிக்கும்போது ஓடுச்சு, வேகம் குடுத்தாத்தான் திணறுச்சுன்னு சொன்னியல்லா? மூக்கு அடைச்ச மாடும் அப்பிடித்தான். சும்மா நிக்கும், பாரம் வச்சா இழுக்காது. இது எங்கன மூச்சு விடும்?”

“மாட்டுக்காரி மோட்டார் பாக்க வந்துட்டா!” என்றார் சுந்தரபாண்டியன்.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தவன், காற்று போகிற வழியைப் பார்க்கவே இல்லை. மூடியைத் தூக்கிக் குழாயைக் காட்டினான். பிச்சம்மாள் இரண்டு விரலை விட்டாள். சிவப்பாக என்னமோ தட்டுப்பட்டது. இழுத்தாள். ஒரு முழம் வந்தது, இன்னொரு முழமும் வந்தது. கோவணம்!

“ஐயோ முதலாளி!” டிரைவர் தலையில் கை வைத்தான். “அருவியில குளிச்சிட்டு வந்து, இஞ்சின் சூட்டுல காயப் போடுலேன்னு குடுத்தியளே! எடுக்க மறந்துட்டேன்.”

அத்தனை பேர் முன்னாலும் சுந்தரபாண்டியன் வானத்தைப் பார்த்தார். மூன்றாவது சுற்றிலேயே கார் கிளம்பியது. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. புதுப்பெண்கூடத் தலை குனிந்தபடி சிரித்தாள்.

பிச்சம்மாள் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. மரத்தடியில் கிடந்த வண்டியைப் பூட்டி, நேரே பேட்டைக்குள் ஓட்டினாள். திரும்பியிருந்த வண்டிக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பின்னாலேயே தில்லைநாயகம் வந்தார். ஒருத்தன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், அவர் கையமர்த்தினார். பதினேழாவது முளையைக் காலால் உதைத்துப் பார்த்தார். அது ஆடியது.

“இது உளுத்துப் போச்சுட்டி. வாசப்பக்கம் இருக்க என் முளையில கெட்டு, எம்மாட்டுக்கு நான் வேற முளை அடிச்சுக்கிடுதேன். வார சவாரி மொதல்ல உன்னத்தான் பாக்கணும்.”

பிச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்து, முடிச்சை இரண்டு தடவை போட்டாள்.

திங்கட்கிழமை தரகன் வந்தான். அவனுக்கு மாடு கிடைக்கவில்லை. குத்தாலிங்கம் வைத்த ரசத்தை இரண்டு தம்ளர் குடித்துவிட்டுப் போனான். உப்பு சரியாக இருந்தது.