கத்தி அழலாமா என்று கேட்ட தாய்

இன்று காலை வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா நாளை சுவிஸுக்குப் போகிறார். மகனின் செத்தவீட்டுக்கு.

மகன் இருந்தது அங்கே இத்தாலி மொழி பேசும் ஒரு மலைக்கிராமத்தில். நானும் அந்தப் பக்கம் ஆறு வருடம் இருந்தவன் என்றேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அங்கத்தப் பழக்கம் ஒண்டும் தெரியா மனே. கொஞ்சம் சொல்லித் தாங்க.”

வழியில் யாரைக் கண்டாலும் முதலில் ‘புவோன்ஜோர்னோ’ என்று வணக்கம் சொல்லுங்கள் என்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது என்றேன். ஊரவர்கள் வந்து கை மட்டும் கொடுப்பார்கள், அவர்கள் துக்கம் சொல்வது அப்படித்தான் என்றேன்.

எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றவர், கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

“அங்க கத்தி அழலாமா மனே? மகன்ட கூட்டாளிமாருக்கு வெக்கமா இருக்குமா?”

அந்த ஊர்ச் செத்தவீடுகளில் யாரும் சத்தம் போட்டு அழுது நான் கண்டதில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அழுங்க அம்மா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க” என்றேன்.

அந்தப் பக்கம் இருக்கிற உறவுகளே, நான் சொன்னது பிழையென்றால் எனக்கு எழுதுங்கள். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.