புஷ்பத்தின் கை

தி.நகரில் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புக்குப் பஞ்சமில்லை. முக்கால்வாசி ஜீப் ஏறிய ஒரே மலை, துணிக்கடை பார்க்கிங்கின் சரிவு. சேறு படாமல் துடைத்துத் துடைத்து வைத்திருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணேசமூர்த்தி அண்ணாச்சியின் ஜீப் அப்படியில்லை. அதன் அடிவயிறு முழுக்கக் கல் கீறல்.

அண்ணாச்சி விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ரங்கநாதன் தெருவை ஒட்டிப் பாத்திரக்கடை. கடையில் அவர் வைத்ததுதான் சட்டம். கல்லாவில் உட்காரும் அவர் மனைவி புஷ்பம் அக்கா ஒன்று சொன்னால், வீம்புக்கென்றே வேறொன்றைச் செய்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டு தாண்டி நாங்கள் அனுமதி வாங்கி ஓட்டும் பழைய கல்குவாரியில் இறங்கிவிட்டால் ஆள் வேறு. பாறையில் போகும்போது ஓட்டுகிறவருக்குத் தன் சக்கரம் தெரியாது. வெளியே ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். விரல் காட்டும் பக்கம் திருப்ப வேண்டும், கையை மூடினால் நிறுத்த வேண்டும். அண்ணாச்சிக்கு அந்தக் கை அக்காவினுடையது. வேறு யார் கத்தினாலும் காதில் வாங்க மாட்டார்.

"கடையில இந்த மரியாதை கெடச்சா நான் ஏன் இம்புட்டுத் தூரம் வந்து வெயில்ல காயிறேன்?" என்பார் அக்கா.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. அண்ணாச்சியின் ஜீப் லோ கியரில் பாறைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பள்ளம். அக்கா வழக்கம்போல அந்தப் பக்கம் நின்று கையை மூடினார். ஜீப் நிற்கவில்லை. கையை இன்னும் உயர்த்தினார். வந்துகொண்டே இருந்தது. எங்களோடு வந்த இனாயத் அலறினான். அக்கா பின்னால் தாவினார். அவர் நின்ற இடத்திலேயே சக்கரம் பள்ளத்தில் விழுந்து, வண்டி சாய்ந்து நின்றது.

"இன்னா அண்ணாச்சி, அக்கா கை காட்டிக்கினே கீறாங்க, நீங்க பாட்டுக்கு வர்றீங்க?" என்றான் இனாயத்.

"அவ எங்க நின்னா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

அக்கா அவரிடம் போனார். தன் கையை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினார்.

"தெரியுதா?"

"ம்."

"இப்ப?"

அண்ணாச்சி கையைத் தேடித் தலையைத் திருப்பினார். கை அவர் தோளைக்கூடத் தாண்டவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டாராம். கண்ணில் அழுத்தம். நேர்ப் பார்வை இருக்கிறது, பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. சொட்டு மருந்தை அண்ணாச்சி கடையில் ஒளித்து வைத்திருக்கிறார்.

"சொன்னா வண்டிய விட்ருங்கம்ப. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான், புஷ்பம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் பிசகியிருந்தால் அக்காவின் கால் போயிருக்கும். ஆனால் அக்கா திட்டவில்லை.

"கடையில எத்தனையோ எங்கிட்ட மறைச்சிருக்கீக. போகட்டும்னு விட்டிருக்கேன். என் கை தெரியலங்கறத மறைக்கலாமா?"

அண்ணாச்சி அழுதுவிட்டார். எங்கே பார்ப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை. இனாயத்தின் வண்டியில் கயிறு கட்டி ஜீப்பை மேலே இழுத்தோம். இறங்கவேண்டிய சரிவு அப்படியே மிச்சம் இருந்தது. அண்ணாச்சி சாவியை அக்காவிடம் நீட்டினார். ஒரு காலத்தில் கடையின் சரக்கு வேனை ஓட்டியவர்தான் அக்கா, ஆனால் பாறையில் ஓட்டியதில்லை.

"எனக்கு யாரு கை காட்டுவா?"

"நான்தான். நேரா இருக்கறது எனக்குப் பளிச்சுன்னு தெரியும்."

அண்ணாச்சி சரிவின் அடியில், வண்டிக்கு நேர் எதிரே போய் நின்றார். தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். விரலைக் காட்டினார். அக்கா அங்குலம் அங்குலமாக இறங்கினார். பாதி வழியில் அண்ணாச்சி கையை மூடினார். ஜீப் அந்த இடத்திலேயே நின்றது. அங்கே பள்ளம் எதுவும் இல்லை. தன் கைக்கு அது நிற்கிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது. அக்காவும் ஏனென்று கேட்கவில்லை, பிரேக்கில் காலை வைத்தபடி காத்திருந்தார். பிறகு அண்ணாச்சி வா என்று விரலை அசைத்தார்.

கீழே வந்த பிறகும் அக்கா இருக்கையை விட்டு இறங்கவில்லை. அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். தி.நகர் வரை அக்காதான் ஓட்டினார்.