உண்ணி பிடிக்கப் போன சித்தப்பா

என் சித்தப்பாவுக்கு உண்ணி பிடிக்கிற உத்தியோகம். யுத்த காலத்தில் செம்பூர்ப் பக்கத்துக் குன்றுகளில் முகாம் போட்டிருந்த சிப்பாய்களுக்கு விநோதமான காய்ச்சல் கண்டது. காட்டு உண்ணிகளில் அந்தக் காய்ச்சலின் கிருமி இருக்கிறதா என்று ஒரு ஆராய்ச்சிசாலை தேடிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியைப் புல்லின்மேல் இழுத்துப் போக வேண்டும். ஒட்டிக்கொள்ளும் உண்ணிகளை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் அடைக்க வேண்டும். துணி இழுப்பவர் சித்தப்பா. கிருமியைத் தேடுபவர் டாக்டர்.

தாராவியில் எங்கள் சந்து ஆண்களெல்லாம் தோல் பதனிடப் போக, சித்தப்பா மட்டும் காக்கிச் சட்டை போட்டு ரயிலேறுவார். அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு அவர்தான் சோறும் கர்வமும்.

ஒரு நாள் அவர் காதுக்குப் பின்னால் உண்ணி ஒன்று கடித்துக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன்.

“ஏட்டி, அம்மைட்ட சொல்லிராத. வேலைக்குப் போவ விடமாட்டா” என்றார். அதையும் பிடுங்கிக் குழாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரத்தில் காய்ச்சல். உள்ளங்கை வரை சிவப்புப் புள்ளிகள். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் பிதற்றத் தொடங்கியதும் அம்மா பயந்துபோய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கைவண்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

அதற்குள், காய்ச்சல் என்று கேள்விப்பட்டு டாக்டரே காரில் வந்து இறங்கினார். சந்தே கூடிவிட்டது. சித்தப்பாவின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் பத்திரமாக வைத்தார்.

“ஐயா, பொழச்சுக்கிடுவானா?” என்று அம்மா கும்பிட்டாள்.

“தேக்கேங்கே” என்றார் டாக்டர், பெட்டியை மூடியபடி. பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். அம்மாவுக்கு இந்தி தெரியாது.

“பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாவ” என்றேன் நான்.

அம்மா கைவண்டியைத் திருப்பி அனுப்பினாள். டாக்டர் மறுபடி வரவில்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் சித்தப்பா போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஆராய்ச்சிசாலையிலிருந்து ஓர் ஆள் வந்தார். சித்தப்பாவின் ரத்தத்தை ஏற்றிய கினிப்பன்றிகளுக்கும் அதே காய்ச்சலாம். அவர் பிடித்த உண்ணிகளிலும் அதே கிருமியாம். டாக்டருக்கு ரொம்ப சந்தோஷமாம். நான் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

“எம்மா, கண்டுபிடிச்சிட்டாவளாம்! நம்ம சித்தப்பா ரத்தத்துலதானாம்!”

அம்மா பளீரென்று அறைந்தாள். அதுவரை அவள் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. நல்ல செய்தி சொன்னதற்கு அடிக்கிறாளே என்றுதான் அன்றெல்லாம் அழுதேன்.