துடைக்காத மெத்தை

மேடை கிடைத்தால் மூடநம்பிக்கையை ஒரு மணி நேரம் கிழிக்கக்கூடிய நான், ராகுகாலத்துக்குப் பயந்து ஓர் ஆஸ்பத்திரி மெத்தையைத் துடைக்கவிடாமல் செய்தவன். அம்மாவின் மனசு கோணக்கூடாதே என்றுதான், என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் என் கண்ணும் கடிகாரத்தில்தான் இருந்தது.

நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. தங்கைக்குத் தலைப்பிரசவம். ஜோசியர் குறித்த நேரத்தில் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தாயிற்று. அவளுக்கென்று நான் சிபாரிசு பிடித்த ஏ.சி. அறை அப்போதுதான் காலியாகியிருந்தது. வாளியும் துணியுமாக நின்ற ஆயா, "மெத்தையத் தொடச்சு ஒணத்தோணுங்க சாமி, செத்த பொறுங்க" என்றார். "விரிப்ப மட்டும் மாத்துங்க, ராகுகாலம் வந்துருமுங்க" என்றேன், புதுச்சத்திரத்திலிருந்து சொந்தக் காரில் வந்தவன் என்கிற தோரணையில். பக்கத்தில் நின்ற நர்ஸும் தலையாட்டினார். நல்ல நேரத்துக்குள் தங்கையைப் படுக்கவைத்துவிட்டு, போரில் ஜெயித்தவன்போல் கீழே போய் டீ குடித்தேன்.

ஜுரம் வந்தபோது, பால் கட்டியதால் என்றார்கள். பிறகு அவள் நடுக்கத்தில் கட்டில் கம்பிகளே கடகடத்தன. தையல் பிரிந்து சீழ் வடிந்தது. பினாயிலையும் மீறிக்கொண்டு ஒரு வாடை. "சொந்தக்காரங்க கூட்டமா வந்து தொட்டா இப்படித்தான்" என்றார் டாக்டர். ஆயாதான் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "அதே கட்டல்ல முன்னாடி இருந்த புள்ளைக்கும் தையல்ல சீழுதானுங்க. எங்களுக்கே அப்பறந்தான் சொன்னாங்க."

சேலத்துக்குக் கொண்டுபோனோம். பிழைப்பாளா என்று கேட்டதற்கு அங்கிருந்த டாக்டர் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டார். கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரை மீட்டார்கள். மருந்தின் வீரியம் தீரும்வரை பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஊரில் குழந்தை புட்டிப்பால் குடித்தது. இங்கே தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டுக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டது நான்.

போன மாதம், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் மனதுக்குள் செதுக்கி வைத்திருந்ததை ஆரம்பித்தேன். "எல்லாம் என்னாலதான் கண்ணு..." மேடையில்போலவே சரியான இடத்தில் நிறுத்தினேன்.

தங்கை திரும்பவில்லை. "சீக்காளி கெடந்த கட்டல்னு ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் தெரியுமுங்ணா. தொடைக்கறது அவிக வேலை. நீங்க அவசரப்பட்டா, அவிக அப்படியே உட்டுருவாங்களா?" தோசையைத் திருப்பிப் போட்டாள். "இதுலயும் நீங்கதான் பெரிய மனுசனா இருக்கோணுமாக்கும்?"