பதினெட்டாம் நம்பர் ஊசி

மாட்டுக்குப் போடும் பதினெட்டாம் நம்பர் ஊசி ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்பவுண்டர் அதைத் தன் காக்கிச் சட்டைப் பையின் ஓரத்தில் குத்தி வைத்திருந்தார். முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. "அதை எறிந்து தொலையுங்கள், இனி எந்த மாட்டுக்கும் ஆகாது" என்று சிடுசிடுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார். அந்த மஞ்சளை வண்டி அழுக்கு என்றே பதினைந்து வருஷமாக நினைத்திருந்தேன். அது என்னவென்று போன வாரம்தான் தெரிந்தது.

அப்போது நான் கால்நடை டாக்டராக வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீடு விழுப்புரத்தில். காலையில் பஸ் பிடித்துக் கூட்டேரிப்பட்டில் இறங்கினால் கம்பவுண்டர் வண்டியோடு நிற்பார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும், பிறகு ஊர் ஊராகவும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துதான் போவேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஓயாத வாய். மாட்டைப் பார்த்தாலும் "இன்னாம்மா, காலைலேந்து ஒண்ணும் துன்னலியா?" என்று சொந்தக்காரியிடம் கேட்பதுபோல் கேட்பார். அந்தப் பழைய வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் தனக்கு அத்துப்படி என்று பெருமை வேறு. எனக்கோ நாக்கு கொஞ்சம் நீளம். புதிய டாக்டர், அதுவும் பெண், யாரும் மதிக்காமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு கடுகடுப்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜையை ஆஸ்பத்திரியிலேயே கொண்டாடினோம். கத்தி, கத்தரி, கன்று இழுக்கும் கயிறு, தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் கழுவி மேசையில் பரப்பினார் கம்பவுண்டர். கடைசியில் தன் வண்டியையும் குளிப்பாட்டி வாசலில் நிறுத்திவிட்டு, "நீங்களே பொட்டு வைங்க மேடம், உங்க கை ராசி பாக்கலாம்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கிண்ணம் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து விளக்கு, ஹேண்டில்பார், டேங்க், டேங்க் மூடி என்று ஓர் இடம் விடாமல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது" என்று சிரித்தார். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவர் வழக்கம். இரண்டு நாள் விடுமுறையில் அது வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது.

விடுமுறை முடிந்த காலையிலேயே வல்லம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அவருக்கு இருந்தது ஒரே பசு. கன்று போட முக்கிக்கொண்டிருக்கிறது, கால் இரண்டும் வெளியே வந்துவிட்டது, தலை வரவில்லை என்று அழுதார். கன்றுக்கு உயிர் இருக்கிறது, கால் அசைகிறது என்றார். அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரம். உடனே கிளம்பினோம்.

மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி இருமி நின்றது. கம்பவுண்டர் டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, பெட்ரோல் இருப்பதைப் பார்த்து மூடி, உதைத்தார். கிளம்பிவிட்டது. "பாத்தீங்களா, என்ன கண்டா பயம்" என்றார். ஆனால் கொஞ்ச தூரம்தான், மறுபடி நின்றது. இந்தத் தடவை எத்தனை உதைத்தும் அசையவில்லை. வேர்க்கடலை விளைந்த ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரமாக நிறுத்தி ப்ளக்கைக் கழற்றினார், பழைய வேட்டித் துணியில் துடைத்தார், பொறி வருகிறதா என்று பார்த்தார். நன்றாகவே வந்தது. கார்பரேட்டரைத் தட்டினார், குழாயைத் துடைத்து வாயில் வைத்து ஊதினார். "பேஜாரு புடிச்ச வண்டி. டேங்க் நெறய பெட்ரோலு இருக்குது, கீழ மட்டும் எறங்க மாட்டேங்குது" என்றார். அந்தச் சாலையில் வேறு வண்டி எதுவும் வரவில்லை. அந்த அம்மாவின் போன் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. "கெளம்பிட்டீங்களாம்மா? ஜல்தி வாங்கம்மா, கால் ஆட்டமே கொறஞ்சிடுச்சி."

முக்கால் மணி நேரம் போனபின் மறுபடி டேங்க் மூடியைத் திறந்தார். உள்ளே காற்று 'புஸ்' என்று போகும் சத்தம் எனக்கே கேட்டது. அவர் அப்படியே நின்று மூடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், ஒரு பெரிய ஊசி குடுங்க" என்றார். பதினெட்டாம் நம்பரை எடுத்துக் கொடுத்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ குத்தி நோண்டினார். நான் போனில் அந்த அம்மாவுக்குப் பொய்ச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன்பின் வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

கன்றின் தலை பின்பக்கமாக மடங்கியிருந்தது. கையை விட்டுத் திருப்பி வெளியே இழுத்தபோது உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. கம்பவுண்டர் அதைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார், வைக்கோலால் தேய்த்தார், மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பசு மட்டும் பிழைத்தது. "முன்னயே வந்திருந்தா கன்னு பொழச்சிருக்குமாம்மா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கம்பவுண்டர் சொன்னார்: "தப்பு என்னுதும்மா. ஒழுங்கா வண்டிய பாக்காம இட்டுக்கினு வந்துட்டேன்." அந்த அம்மா கம்பவுண்டரை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. என் பங்குக்குத் திரும்பும் வழியில், "வண்டியைப் பார்க்கத் தெரியாத ஆளை நம்பி ஓர் உயிர் போய்விட்டது" என்றேன்.

அடுத்த மாதமே நான் ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டேன். பிறகு அவருக்குக் கெடார் பக்கம் மாற்றலானது. சால்வை போட்டு அனுப்பி வைத்தோம். சொன்ன சொல்லை அப்போதும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது வேலையும் வீடும் திண்டிவனத்தில். போன வாரம் ஆயுத பூஜை முடிந்த பிறகு, என் கணவரின் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். இரண்டு தெரு தாண்டியதும் இருமி நின்றது. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் ப்ளக்கைக்கூடத் தொடவில்லை. மூடியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "பூஜ முடிஞ்சா ஒரு வாரம் எனக்கு இதே வேலதான் மேடம். மூடில குட்டியா ஓட்ட இருக்குது பாருங்க. அதுல காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு எறங்கும். அதும்மேல போய் சந்தனத்த அப்பிட்டீங்களே!" என்றபடி மெல்லிய கம்பியால் குத்தினார். வெளியே எடுத்த கம்பியின் முனையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பவுண்டர் ஓய்வுபெற்றுக் கெடாரில்தான் இருக்கிறார். நம்பர் விசாரித்து அன்று மாலையே பேசினேன். எடுத்த எடுப்பில், "அன்னைக்கு அடைச்சிருந்தது நான் வச்ச சந்தனம்தானே?" என்றேன். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"ஆமாங்க மேடம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த மாட்டுக்குள்ள கைய உடுறப்ப உங்களுக்குக் கை நடுங்கியிருக்கும். அப்பதான் வேலைக்கு வந்திருந்தீங்க. எனக்கு இன்னா, வண்டி பாக்கத் தெரியாதவன்னு பேரு. அந்தப் பேரால ஒரு மாடும் சாவாது."

மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க மேடம்" என்றார். "அந்தப் பசு அப்பால நாலு கன்னு போட்டுச்சி, தெரியுமா? மாத்தலாயி வந்தப்புறமும் போய்ப் பாத்துக்கினுதான் இருந்தேன். அந்தம்மா திட்டிக்கினே டீ போட்டுக் குடுக்கும்."

போனை வைத்த பிறகும் அந்த ஊசியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ப்ளக்கைத் துடைத்தார், குழாயைத் துடைத்தார், செத்த கன்றின் முகத்தைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் அந்த அம்மாவிடம் காட்டினார். எனக்குத் தெரியக் கூடாது என்று எல்லாவற்றையும் மறைத்த மனிதர், சட்டைப் பையில் குத்தியிருந்த ஊசியின் முனையை மட்டும் துடைக்க மறந்துவிட்டார்.