உறை போட்ட ஃபயர்வால்

விருத்தாசலத்தில் வீட்டிலேயே இரண்டு கம்ப்யூட்டர் வைத்து, கல்லூரிப் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் டைப் செய்து தருகிறேன். பிராட்பேண்ட் வந்த பிறகு கண்ட வைரஸும் உள்ளே நுழையாமல் இருக்க, திரை உடைந்த பழைய லேப்டாப்பை ஃபயர்வாலாக, அதாவது காவல் கம்ப்யூட்டராக, மாற்றினேன். லைன் முதலில் அதற்குள் வந்து, பிறகுதான் மற்ற இரண்டுக்கும் போகும். அது இராப்பகலாக ஓட வேண்டும். எங்கள் தெருவிலோ பீங்கான் கம்பெனிகளின் வெள்ளைத் தூசு. அதனால் கெட்டித் துணியில் உறை தைத்து, அடாப்டரையும் அதற்குள்ளேயே சுருட்டி, பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் நெட் அடிக்கடி நின்றது. லைன் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன். சேத்தியாத்தோப்பில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பி, கதவைப் பூட்டப் போனேன். பீங்கான் கம்பெனிச் சூளையில் வேலை செய்யும் என் கணவர் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்தார். "எதுவோ தீயுற வாடை வருது" என்று உள்ளே போய், உறையைத் தொட்டவர் கையை உதறினார். அடாப்டர் இளகியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "சூளையில சரக்கு அடுக்கும்போதே காத்து போக வழி வுடுவோம். நீ இதை மூட்டை கட்டி வெச்சிருக்கிற" என்றார். மறுநாள், கம்பெனியில் கழித்துப் போட்ட நான்கு பீங்கான் கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தார்.

இப்போது லேப்டாப் அந்தக் கட்டைகள்மேல் நிற்கிறது. அடாப்டர் புதிது. பக்கத்தில் ஒரு காகிதம்கூட வைப்பதில்லை. ஞாயிறுதோறும் பெயின்ட் பிரஷால் தூசு தட்டுகிறேன், வெளியே கிளம்பும்முன் தொட்டுப் பார்க்கிறேன். அந்த உறையைத் துவைத்து, அவருடைய சாப்பாட்டுப் பையாக்கிவிட்டேன். மத்தியானம் வரை சோறு சூடாகவே இருக்கிறதாம்.