பெல்லட் டப்பாவும் ஊசியக்காவின் கையும்

ஊசியக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர் கிடையாது. ரத்தம் எடுக்கும் அறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். அவள் குத்தினால் வலிக்காது. நம்பாதவர்கள் போய்க் கையை நீட்டிப் பார்க்கட்டும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும், "எனக்கு அந்த அக்காதான் வேணும்" என்று அடம்பிடித்துக் காத்துக் கிடப்பார்கள்.

அவளுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. துப்பாக்கி. ஆளைச் சுடுகிற துப்பாக்கி இல்லை, பயப்படாதீர்கள். காற்றின் விசையில் மிளகளவு ஈயக் குண்டைத் தள்ளுகிற பிஸ்டல். அதை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்து, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையின் நடுப்புள்ளியைச் சுட வேண்டும். போன வருஷப் போட்டியில் மூன்றாவதாக வந்து, ஒரு கப்பைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

சாமான் வாங்குவதில் அவளைப் போல் நச்சரிக்கிற ஆளைப் பார்க்க முடியாது. அந்த ஈயக் குண்டுக்குப் பெல்லட் என்று பெயர். ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றாலும், ஒரு தடவை வார்த்ததற்கும் மறுதடவை வார்த்ததற்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஏழு விதம் சுட்டுப் பார்த்து, தன் பிஸ்டலுக்கு ஒத்துப்போன ஒன்றைப் பொறுக்கினாள். டப்பாவின் அடியில் இருக்கும் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டி, அதே எண்ணில் நான்கு டப்பா வாங்கி அலமாரியில் அடுக்கினாள். மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவளுடைய வீட்டார் இவ்வளவு விசாரிக்கவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு மாதமாகக் குறி கலைந்தது. அட்டையில் பத்து, ஒன்பது மார்க் வட்டங்களில் விழுந்த குண்டுகள் ஏழுக்கும் ஆறுக்கும் ஓடின. முதலில் மரக் கைப்பிடியைச் சந்தேகப்பட்டு, நடுத்தர அளவைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டினாள். சரிப்படவில்லை. அடி தட்டையான புது ஷூ வாங்கினாள். கண்ணாடியின் லென்ஸை மாற்றினாள். குழல் முனையில் மாட்டுகிற எடையைக் கூட்டினாள், குறைத்தாள். ம்ஹூம். பெல்லட்டை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை. தானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதாயிற்றே!

மாற்றக்கூடியதையெல்லாம் மாற்றிய பிறகு மிச்சமிருந்தது அவளுடைய கை. அவளுடைய அப்பா எலக்ட்ரீஷியன். நாற்பத்தெட்டு வயதில் வலது கை நடுங்க ஆரம்பித்து, ஒயரை ஓட்டைக்குள் நுழைக்க முடியாமல் வேலையை விட்டவர். அவளுக்கு இந்த வருஷம் நாற்பத்தேழு. கை போனால் பிஸ்டல் போகட்டும், ஊசியும் அல்லவா போய்விடும்?

வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பு தெரியாத குழந்தைகள் வந்தால், "நீ எடும்மா" என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள்.

"என்னக்கா, திடீர்னு என் மேல இவ்ளோ பாசம் பொங்குது?" என்று அந்தப் பெண் கிண்டலடித்தாள். ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, சுடும் கிளப்பில் ரிப்பேர் பார்க்கிறவரிடம் போய் நின்றாள். அவரை எல்லோரும் ஸ்பிரிங் என்பார்கள். வாய் ஒரு நிமிஷம் அடங்காது.

"அண்ணே, இந்தப் பிஸ்டலை யாருக்காவது வித்துக் குடுத்துருங்க."

"ஏன், பீரங்கி வாங்கப் போறியா?"

"விளையாடாதீங்கண்ணே. கை போயிடுச்சு. நடுங்குது."

"நீயே டாக்டர், நீயே நோயாளியா? இங்க வா."

சுடும் மேசையில் முடுக்கியிருந்த வைஸ் என்கிற இரும்புப் பிடியில் ரப்பர் சுற்றிப் பிஸ்டலை அசையாமல் இறுக்கினார். "இப்ப உன் கைக்கு வேலையே இல்ல. மெதுவா விசையை மட்டும் அமுக்கு" என்றார். ஐந்து தரம் அமுக்கினாள். இரும்புப் பிடியில் சுட்டால் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரே ஓட்டையாக இருக்க வேண்டும். அட்டையில் ஐந்தும் ஐந்து பக்கம் இருந்தன.

"பாத்தியா? இந்த வைஸுக்கும் வயசாயிடுச்சோ?"

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, "அப்ப நான் இல்லையாண்ணே? நான் இல்லையா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"நீ இல்ல தாயே, நீ இல்ல. வேற டப்பா வச்சிருக்கியா?"

அதே எண் போட்ட, பிரிக்காத டப்பா ஒன்று பையில் இருந்தது. அதிலிருந்து ஐந்து சுட்டார்கள். ஒரே ஓட்டை. ஸ்பிரிங் பழைய டப்பாவைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பாவாடை மாதிரி விரிந்த பின் ஓரம் பாதிப் பெல்லட்டுகளில் நசுங்கியிருந்தது. நடுவே ஒரு துடைப்பக் குச்சி வேறு.

"இது கீழ கொட்டி வாரின சரக்கும்மா. ஈயம் வெண்ணெய் மாதிரி, தொட்டாலே நெளியும்."

பிறகு அவள் பிஸ்டலைத் தன் கையில் வாங்கி, புது டப்பாவிலிருந்து பத்துக் குண்டு சுட்டாள். எட்டு நடுவிலேயே விழுந்தன. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது.

வீட்டுக்கு வந்தாள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அன்று லீவு, டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் டப்பாவை எப்பங்க கொட்டினீங்க?"

"எந்த டப்பா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் வழிக்கு வந்தார். "அலமாரி துடைக்கறப்ப கை பட்டுருச்சு. ஒண்ணு ரெண்டு கட்டிலுக்கடியில போயிருக்கும். மத்ததெல்லாம் பெருக்கி அப்படியே போட்டுட்டேனே!"

"ஏன் சொல்லல?"

"என்னைவிட அதைத்தான் பத்திரமா வச்சிருக்க. சொல்லிட்டு யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பாவின் கையை நினைத்து ஒரு மாதமாகத் தான் பட்டதையெல்லாம் கொட்டினாள். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது.

"டப்பா கொட்டினதை மறைச்ச நான் திருடன்னா, இவ்ளோ பெரிய பயத்தை மறைச்ச நீ யாருடி?"

அவள் போய்ப் படுத்தாள். நடுப்பகலில் படுத்தவள் பொழுது சாயும்வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, டார்ச்சோடு கட்டிலுக்கடியில் தவழ்ந்து, தப்பிப்போன பெல்லட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்.